குருதியும் குலமும்

சொல்லில் உறையும் குருதி

மாந்தர் உடலில் ஓடும் செந்நிற நீர்மத்திற்குத் தமிழில் பெயர்கள் பல உள. குருதி, உதிரம், செந்நீர், நெய்த்தோர், சோரி, எருவை, புண்ணீர் என்பன அவற்றுட் சில. ‘இரத்தம்’ என்பது சிவந்தது என்னும் பொருளுடைய வடசொல் வழி வந்தது. நெய்த்தோர் என்னும் பழந்தமிழ்ச் சொல்லின் உறவுச் சொற்கள் கன்னடத்தில் நெத்தரு என்றும் தெலுங்கில் நெத்துரு என்றும் இன்றும் வழங்குகின்றன. ஒரு பொருளுக்கு இத்தனை பெயர்கள் தோன்ற வேண்டுமாயின், அப்பொருள் அம்மக்கள் வாழ்வில் பெரிய இடத்தைப் பெற்றிருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை.

சித்த மருத்துவம் உடலை ஏழு கட்டுகளாகப் பகுத்துக் காண்கின்றது. சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் அல்லது சுரோணிதம் என்னும் அவ்வரிசையில் செந்நீர் இரண்டாவதாக நிற்கின்றது. உண்ட உணவின் சாரம் செந்நீராகிப் பின் ஊனாகின்றது என்பது அம்மருத்துவத்தின் கொள்கை. நோயைக் குறிக்கும் பேச்சிலும் குருதியே முன் நிற்கின்றது. உடல் வெளிறினால் சோகை என்பர். அழுத்தம் மிகுந்தால் இரத்தக் கொதிப்பு என்பர்.

உறவைக் குறிக்கும் பேச்சிலும் அவ்வாறே. ‘தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்’ என்பது தமிழர் பழமொழி. மலாய்க்காரர் தம் பிள்ளையையும் நெருங்கிய சுற்றத்தையும் ‘டாரா டாகிங்’, அதாவது குருதியும் தசையும் என்பர். சீனர் எலும்பும் தசையும் என்பர். மூவினத்தாரும் உறவை உடலின் உட்பொருளாகவே கண்டனர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. எனினும், உறவுக்கு அடையாளமாக வந்த குருதியை உயர்வு தாழ்வுக்கும் அடையாளமாக மாந்தன் மாற்றிக்கொண்டான். அவன் குருதியில் எதனைத் தேடினான், ஆராய்ச்சி அதில் எதனைக் கண்டது என்னும் இரண்டையும் ஒப்பிட்டுக் காண்பது தக்கதாகும்.

உதிரப்பட்டியும் தீட்டும்

பண்டைத் தமிழகத்தில் ஊரைக் காக்கவோ ஆநிரையை மீட்கவோ போரிட்டு மாண்ட வீரனுக்கு நடுகல் எடுத்தனர். அவன் குடும்பத்தினர் வாழ்வதற்கு இறையிலியாக நிலமும் வழங்கினர். அந்நிலத்திற்கு உதிரப்பட்டி என்றும் நெய்த்தோர்பட்டி என்றும் பெயர். அவன் சிந்திய குருதியே அப்பட்டிக்குப் பெயராயிற்று. குருதிக்கு ஈடாக நிலம் தந்த சமுதாயம், ஒருவன் குடும்பத்தைக் காக்கும் கடமை ஊருக்கு உண்டு என்பதை ஒப்புக்கொண்டது எனலாம்.

அதே சமுதாயம் மற்றொரு குருதியை வேறு விதமாக நோக்கிற்று. மகள் பூப்பெய்திய நாளைச் சுற்றத்தைக் கூட்டி விழாவாகக் கொண்டாடிய இல்லம், அதன்பின் திங்கள்தோறும் வரும் மூன்று நாள்களைத் தீட்டு என்று விலக்கிற்று. போர்க்களத்தில் வடிந்த குருதி புகழாயிற்று. புதிய உயிருக்கு இடம் அமைக்கும் குருதி ஒதுக்கத்திற்கு உரியதாயிற்று. உடலியல் நோக்கில் இரண்டும் ஒரே உடலின் ஒரே குருதி. வேறுபாடு பார்ப்பவர் மனத்திலேயே இருந்தது. பெண்கள் பலர் திங்கள்தோறும் இழக்கும் இரும்புச் சத்தை ஈடுசெய்யும் உணவின்றிச் சோகையால் வாடியதைக் காண வேண்டிய கண்கள், அவர்களைத் தொடலாகாது என்பதையே கண்டன.

தூய குருதி என்னும் கோட்பாடு

குருதியை வைத்து மக்களைத் தரம் பிரிக்கும் வழக்கம் ஒரு நாட்டிற்கோ ஒரு சமயத்திற்கோ உரியதன்று. இசுப்பானிய நாட்டின் டொலேடோ நகரில் 1449-ஆம் ஆண்டு ஓர் ஆணை பிறந்தது. யூத சமயத்திலிருந்து கிறித்துவத்திற்கு மாறியவர்களும் அவர்தம் வழித்தோன்றல்களும் நகரின் அரசுப் பதவிகளை வகிக்கலாகாது என்பது அதன் சாரம். கிறித்துவராக மாறிய பின்னும் அவர்கள் ஏற்கப்படவில்லை. அவர்கள் குருதி தூயதன்று என்று கூறப்பட்டது. அடுத்து வந்த நூற்றாண்டுகளில் அந்நாட்டில் பல பதவிகளுக்கும் துறவியர் சபைகளுக்கும் ‘தூய குருதி’ச் சான்று கேட்கும் வழக்கம் பரவிற்று. வெயிலில் உழையாத உயர்குடியினரின் வெளிறிய தோலின் அடியில் நாளங்கள் நீல நிறமாகத் தோன்றியமையால், ‘நீலக் குருதி’ என்னும் தொடரும் அந்நாட்டிலிருந்தே உலகிற்குப் பரவியது.

அரச குருதி என்பது எத்தகையது என்பதைப் பிற்காலத்தில் ஒரு நோய் காட்டிற்று. இங்கிலாந்தை ஆண்ட விக்டோரியா அரசியார் (1819-1901), குருதி உறையாமை நோயின் மரபுக் கூற்றைத் தம் உடலில் தாங்கியிருந்தார். அக்கூற்றைத் தாங்கும் பெண்கள் பெரும்பாலும் நோயின்றி வாழ்வர். அவர்தம் ஆண்மக்களிடமே நோய் வெளிப்படும். அவருடைய மகன் லியோபோல்டு இளவரசர் 1884-இல் வழுக்கி விழுந்து, அதனால் நேர்ந்த குருதிக் கசிவில் இறந்தார். மகள்கள், பேத்திகள் வழியாக அந்நோய் செருமானிய, உருசிய, இசுப்பானிய அரச இல்லங்களைச் சென்றடைந்தது. உருசிய மன்னரின் ஒரே மகன் அலெக்சி 1904-இல் அந்நோயுடனேயே பிறந்தான். நாடுகளை ஆண்டவர்களால் ஒரு சிறுவனின் காயத்தில் வழியும் குருதியை நிறுத்த இயலவில்லை. மணிமுடி சூடிய குடியின் குருதியும் பிறர் குருதியைப் போன்றே நோய்க்கு ஆட்படும் என்பதை உலகம் கண்டது.

ஓட்டம் கண்ட வரலாறு

குருதியைப் பற்றிய அறிவும் எளிதில் வளர்ந்துவிடவில்லை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் காலன், கல்லீரலே குருதியை ஆக்குகின்றது என்றும், அது உறுப்புகளுக்குச் சென்று அங்கேயே செலவழிந்துவிடுகின்றது என்றும் கூறினார். இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குப் புலப்படாத துளைகள் உள்ளன என்பதும் அவர் கருத்து. அவர் சொல்லே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மேலைநாட்டு மருத்துவத்தை ஆண்டது.

அக்கருத்தை மறுத்த முதற்குரல் அரபு மருத்துவ உலகிலிருந்து எழுந்தது. திமிசுக்கு நகரைச் சேர்ந்த இப்னு அல்-நபீசு, 13-ஆம் நூற்றாண்டில் எழுதிய தம் உரை நூலில், அச்சுவரில் துளைகள் இல்லை என்றும், குருதி நுரையீரல் வழியாகவே இதயத்தின் இடப்புறத்தை அடைகின்றது என்றும் உரைத்தார். பின்னர் 1628-ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி, குருதி உடல் முழுவதும் சுற்றி வருகின்றது என்பதை ஐயத்திற்கு இடமின்றி நிறுவினார். அவர் கையாண்ட முறை எளிமையானது. இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் குருதியின் அளவைத் துடிப்புகளின் எண்ணிக்கையால் பெருக்கினார். அரை மணி நேரத்தில் வெளியேறுவது உடலில் உள்ள மொத்தக் குருதியினும் மிகுந்தது. அவ்வளவு குருதியை உணவிலிருந்து ஓயாது ஆக்க இயலாது. ஆதலின் ஒரே குருதியே மீண்டும் மீண்டும் சுற்றி வருதல் வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. தமனிகளையும் சிரைகளையும் இணைக்கும் நுண்குழல்களை அவர் காணவில்லை. அவற்றை 1661-இல் இத்தாலிய அறிஞர் மால்பிகி உருப்பெருக்கியின் துணையால் கண்டு, எஞ்சிய ஐயத்தையும் நீக்கினார்.

ஓட்டம் தெரிந்தபின் குருதியை ஓருடலிலிருந்து மற்றோருடலுக்கு மாற்றும் எண்ணம் எழுந்தது. பாரிசு மாநகரில் 1667-ஆம் ஆண்டு ழான் தெனி என்னும் மருத்துவர் ஒரு சிறுவனுக்கு ஆட்டுக்குட்டியின் குருதியைச் செலுத்தினார். பின்னர், சித்தம் கலங்கிய ஒருவனுக்குக் கன்றின் குருதியைச் செலுத்தினார். கன்றின் சாந்த குணம் அவனுக்கும் வரும் என்று எதிர்பார்க்கப்பட்டது. அவன் அடுத்த ஆண்டில் இறந்தான். வழக்கு மன்றம் மருத்துவரைக் குற்றவாளி எனத் தீர்க்கவில்லை. ஆயினும் அம்முறை தடைகளுக்கு உட்பட்டு ஏறத்தாழ 150 ஆண்டுகள் கைவிடப்பட்டது. குணம் குருதியில் ஓடுகின்றது என்னும் நம்பிக்கை அக்கால மருத்துவரையும் விட்டுவைக்கவில்லை என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

இலண்டன் மகப்பேற்று மருத்துவர் சேம்சு பிளண்டல் 1818-இல் மனிதருக்கு மனிதர் குருதியையே செலுத்தும் முயற்சியைத் தொடங்கினார். பிள்ளைப்பேற்றில் குருதி வடிந்து தாய்மார் மாள்வதைக் கண்டு வருந்தியே அவர் இம்முயற்சியில் இறங்கினார். சிலர் பிழைத்தனர், சிலர் மாண்டனர். ஒருவர்க்கு உயிர் தந்த குருதி மற்றொருவர்க்கு நஞ்சானது ஏன் என்பது எவர்க்கும் விளங்கவில்லை.

நான்கு பிரிவுகள்

அந்தப் புதிருக்கு விடை கண்டவர் வியன்னா நகரின் கார்ல் லாண்ட்ஸ்டைனர். அவர் தம் குருதியையும் உடன் பணியாற்றியோர் குருதியையும் எடுத்து, ஒருவர் குருதிநீரை மற்றவர் சிவப்பணுக்களோடு கலந்து பார்த்தார். சில கலவைகளில் அணுக்கள் திரண்டன, சிலவற்றில் திரளவில்லை. அத்திரட்சியில் ஓர் ஒழுங்கு இருப்பதைக் கண்டு, 1901-ஆம் ஆண்டு குருதியை மூன்று பிரிவுகளாக வகுத்து வெளியிட்டார். நான்காம் பிரிவு அடுத்த ஆண்டில் அவர்தம் நண்பர் குழாத்தினரால் காணப்பட்டது. ஏ, பி, ஏபி, ஓ என்று இன்று பள்ளி மாணவரும் அறிந்துள்ள பிரிவுகள் இவையே. இக்கண்டுபிடிப்பிற்காக அவர்க்கு 1930-இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இப்பிரிவுகள் பெற்றோர் வழியே பிள்ளைகட்கு வருகின்றன என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆயின், அவை வரும் முறை ‘ஒரே குருதி’ என்னும் குடும்பப் பெருமையைப் பெரிதும் மாற்றி அமைக்கின்றது. தாய் ஏ பிரிவினர், தந்தை பி பிரிவினர் என்று கொள்வோம். இருவரும் ஓ என்னும் கூற்றை மறைவாகத் தாங்கியிருப்பின், அவர்தம் மக்கள் நான்கு பிரிவுகளில் எதனையும் பெறலாம். ஓ பிரிவில் பிறந்த குழந்தைக்கு விபத்தில் குருதி தேவைப்பட்டால், பெற்றோர் இருவர் குருதியும் பயன்படா. பெற்றவர் கைபிசைந்து நிற்க, முகமறியாத ஒருவர் கொடுத்த ஓ பிரிவுக் குருதி அக்குழந்தையைக் காக்கும்.

தாய்க்கும் சேய்க்கும் இடையேயும் இவ்வியல்பு உண்டு. தொப்புள்கொடி உறவு என்பது தமிழர் போற்றும் தொடர். ஆயினும் கருவறையில் தாயின் குருதியும் சேயின் குருதியும் இயல்பாக ஒன்றோடொன்று கலப்பதில்லை. நஞ்சுக்கொடியில் மெல்லிய திரை இடைநிற்க, உணவும் உயிர்வளியும் அதனைக் கடந்து செல்கின்றன. லாண்ட்ஸ்டைனரும் வீனரும் 1940-இல் அறிவித்த ஆர்எச் கூறு தாயிடம் இல்லாது சேயிடம் இருப்பின், பேற்றின்போது கசியும் சிறு துளியால் தாயின் உடலில் எதிர்ப்பொருள் உண்டாகி, அடுத்த சேயின் குருதியை அழிக்கக்கூடும். முன்னாளில் இதனால் மாண்ட குழந்தைகள் பலர். தாயின் குறையென்றும் தோசமென்றும் பழி சுமத்தப்பட்ட பெண்களும் இருந்திருப்பர். 1968 முதல் வழக்கிற்கு வந்த தடுப்பூசி இத்துயரைப் பெரிதும் துடைத்தது.

குடும்ப உறவு குருதியில் பொருளற்றது என்று இதனாற் கொள்ளலாகாது. 1952-ஆம் ஆண்டு பம்பாய் நகரில் பெண்டே என்பாரும் அவர்தம் துணைவரும் ஓர் அரிய பிரிவைக் கண்டறிந்தனர். ‘பம்பாய்ப் பிரிவு’ எனப்படும் அக்குருதியுடையோர்க்கு ஓ பிரிவுக் குருதியும் ஆகாது. தம் பிரிவினரே கொடுத்தல் வேண்டும். அவ்வேளையில் முதலில் தேடப்படுபவர் உடன்பிறந்தோரே. என்பு மச்சை மாற்றத்திற்கும் உடன்பிறந்தோரே முதலில் சோதிக்கப்படுவர். மற்றொரு பக்கம், நெருங்கிய உறவினரின் குருதியைச் செலுத்துங்கால், அதிலுள்ள வெள்ளணுக்களை அயலென்று உடல் அறியாது விட்டுவிட, அவையே உடலைத் தாக்கும் இடரும் உண்டு. ஆதலால் அத்தகைய குருதியைக் கதிர்வீச்சிற்கு உட்படுத்திய பின்னரே மருத்துவர் செலுத்துவர். உறவு சிலவேளை உதவும். சிலவேளை ஊறு செய்யும். எது பொருந்தும் என்பதைச் சோதனையே காட்டும்.

சட்டமாகிய பொய்

முதல் உலகப் போரின்போது சலோனிக்கா நகரில் பல நாட்டுப் படைகள் கூடியிருந்தன. அங்குப் பணியாற்றிய லுட்விக் ஹிர்ஷ்பெல்ட், அவர் துணைவியார் ஹன்னா என்னும் போலந்து நாட்டு மருத்துவ இணையர், ஆயிரக்கணக்கான வீரர்களின் குருதியைச் சோதித்து, முடிவுகளை 1919-இல் வெளியிட்டனர். மேலை ஐரோப்பியரிடம் ஏ பிரிவும், இந்தியரிடம் பி பிரிவும் மிகுந்திருந்தன. எனினும், சோதிக்கப்பட்ட எல்லா மக்களிடமும் எல்லாப் பிரிவுகளும் இருந்தன. விகிதம் வேறுபட்டதே தவிர, ஓரினத்திற்கு மட்டும் உரிய பிரிவு என ஒன்றும் காணப்படவில்லை.

இவ்வாராய்ச்சியின் விகிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, இன உயர்வை நிறுவ முயன்றோர் செருமனியில் தோன்றினர். அந்நாட்டை நாசியர் கைப்பற்றியபின், 1935-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ‘செருமானியக் குருதியையும் மானத்தையும் காக்கும் சட்டம்’ நுரம்பெர்க் நகரில் இயற்றப்பட்டது. யூதரும் செருமானியரும் மணந்துகொள்வதை அது தடுத்தது. பெயரில் குருதி இருந்தது. ஆனால் யார் யூதர் என்று முடிவு செய்ய எந்த மருத்துவரும் குருதியைச் சோதிக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் வந்த விதி, ஒருவரின் பாட்டன் பாட்டியர் எச்சமயத்தைச் சார்ந்திருந்தனர் என்பதையே சான்றாகக் கேட்டது. குருதியில் இல்லாத வேறுபாட்டைச் சமயப் பதிவேடுகளில் தேடிக்கொண்டனர். பல இலட்சம் மக்களின் சாவுக்கு வழிவகுத்த கோட்பாடு, தன் அடிப்படையையே மெய்ப்பிக்க இயலாத கோட்பாடாக இருந்தது. யூதக் குடியிற் பிறந்த ஹிர்ஷ்பெல்ட்டும் 1941-இல் வார்சா நகரின் யூதச் சேரியில் அடைக்கப்பட்டார். அங்கும் அவர் நச்சுக் காய்ச்சலைத் தடுக்கும் பணியிலும் மருத்துவ மாணவர்க்குப் பாடம் சொல்லும் பணியிலும் ஈடுபட்டார். பின்னர்த் தப்பி உயிர் பிழைத்தார்.

நாசியரை எதிர்த்துப் போரிட்ட அமெரிக்காவிலும் இக்கறை இருந்தது. சார்ல்சு துரூ என்னும் கறுப்பின மருத்துவர் குருதியைச் சேமித்து வைக்கும் முறையை ஆராய்ந்து 1940-இல் முனைவர் பட்டம் பெற்றவர். போரில் சிக்கிய பிரிட்டனுக்குக் குருதிநீர் அனுப்பும் திட்டத்தை நடத்தியவர். 1941-இல் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் குருதி வங்கியைத் தொடங்கி நடத்தியவரும் அவரே. அச்சங்கம் முதலில் கறுப்பின மக்களின் குருதியை ஏற்க மறுத்தது. எதிர்ப்பு எழுந்தபின் 1942-இல் ஏற்றது. ஆயினும் வெள்ளையர் குருதியோடு கலவாது தனியே வைத்தது. அவ்வங்கி உருவாக உழைத்த துரூவின் குருதியும் அவ்வங்கியில் தனியே வைக்கப்பட வேண்டியதாயிற்று. இப்பிரிவினைக்கு அறிவியல் அடிப்படை ஏதும் இல்லை என்று அவர் எடுத்துரைத்தார். அவர் 1950 ஏப்ரலில் சாலை விபத்தில் மறைந்தார். செஞ்சிலுவைச் சங்கம் அவ்வாண்டின் இறுதியிலேயே அவ்வழக்கத்தைக் கைவிட்டது.

நிலத்தின் தழும்பு

குருதியில் குலத்தைத் தேடியவர் ஏமாந்தனர். ஆயின், முன்னோர் வாழ்ந்த நிலத்தின் தழும்பு அதில் உண்மையிலேயே பதிந்திருக்கின்றது. அத்தழும்பை இட்டது முறைக்காய்ச்சலாகிய மலேரியா.

மலேரியாக் கிருமி சிவப்பணுக்களுள் புகுந்து பெருகி அவற்றை உடைப்பது. அல்சீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் லவெரான் 1880-இல் நோயாளியின் குருதியில் அக்கிருமியைக் கண்டார். இந்தியாவின் செகந்திராபாத்தில் 1897-ஆம் ஆண்டு ரொனால்டு ராசு அதனைக் கொசுவின் வயிற்றில் கண்டார். அவ்வறிவு மலாயாவுக்கு உடனே தேவைப்பட்டது. 1901-இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் காய்ச்சலின் கொடுமையால் உடனேயே முடங்கும் நிலையை அடைந்தது. கிள்ளான் மாவட்ட மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டி நீரை அகற்றினார். காய்ச்சல் பெரிதும் தணிந்தது. பின்னர், மலைச்சரிவுகளில் காடழித்துத் தோட்டங்கள் அமைந்தபோது, வெயில் படும் தெளிந்த ஓடைகளில் வளரும் வேறொரு கொசு அங்கு நோயைப் பரப்பிற்று. அதற்கு நிலத்தடி வடிகால்களும் எண்ணெய் தெளித்தலும் தேவைப்பட்டன.

அத்தோட்டங்களில் உழைத்தோருள் பெரும்பாலோர் தென்னிந்தியத் தமிழர். காய்ச்சல் ஒரு பக்கம் சிவப்பணுக்களை உடைக்க, வெறுங்காலில் துளைத்தேறும் கொக்கிப்புழு மறுபக்கம் குடலில் இருந்து குருதியை உறிஞ்சிற்று. குருதி வற்றிய உடல் விரைவில் களைக்கும், மூச்சு வாங்கும். காண்பவர் கண்ணுக்கு அது சோம்பலாகத் தோன்றும். வியர்வையும் குருதியும் சிந்தி இந்நாட்டை வளப்படுத்தினர் என்று மேடைகளில் கூறப்படுவது வெறும் அணியன்று. அவர்கள் குருதி மெய்யாகவே குறைந்தது. அக்குறை அவர்கள் பிறப்பில் இல்லை. வடியாத நீரிலும் கழிப்பிடமில்லாக் குடியிருப்பிலும் இருந்தது.

மலேரியா பரவிய நிலங்களில் பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்த மக்களின் குருதியில் சில மாற்றங்கள் நிலைபெற்றன. அரிவாள் வடிவச் சிவப்பணுவின் கூற்றை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவரைக் கொடிய மலேரியா எளிதில் கொல்வதில்லை என்பதை ஆலிசன் 1954-இல் எடுத்துக்காட்டினார். ஆப்பிரிக்கருக்கே உரியது என்று எண்ணப்பட்ட அக்கூறு, 1952-இல் தமிழகத்து நீலமலைப் பழங்குடியினரிடமும் காணப்பட்டது. தென்கிழக்காசியாவில் தாலசீமியாவும் ஈமோகுளோபின் ஈ என்னும் வகையும் பரவியிருப்பதற்கும் மலேரியாவே காரணம் எனக் கருதப்படுகின்றது. கண்டமும் நிறமும் மொழியும் வேறான மக்களின் குருதியை ஒரே கொசு ஒரே வகையில் மாற்றியிருக்கின்றது.

அயலார் உறவாகும் இடம்

உடலுக்கு வெளியே குருதி சில நிமிடங்களில் உறைந்துவிடும். அதனைத் தடுக்கச் சிட்ரேட்டு உப்பு பயன்படும் என்று 1914-இல் கண்டறிந்தபின், குருதியைச் சேமிக்க வழி பிறந்தது. சிக்காகோவில் 1937-ஆம் ஆண்டு பெர்னார்டு பாண்டசு என்பார் தம் மருத்துவமனைச் சேமிப்பகத்திற்குக் ‘குருதி வங்கி’ எனப் பெயரிட்டார். போர் முடிந்ததும் 1946-இல் சிங்கப்பூரில் குருதி மாற்றுப் பணியகம் அமைக்கப்பட்டது. கோலாலம்பூரில் இன்று தேசியக் குருதி மையம் இயங்கி வருகின்றது. இரு நாடுகளும் விலைக்கு விற்போரை நம்பாது, விரும்பிக் கொடுப்போரையே நம்பியிருக்கின்றன. விற்பவர்க்கு நோயை மறைக்கும் தூண்டுதல் உண்டு, கொடுப்பவர்க்கு அஃதில்லை. எயிட்சு நோய்க் கிருமி குருதி வழியாகப் பலரைத் தொற்றியபின், 1985 முதல் ஒவ்வொரு பையும் அதற்கெனச் சோதிக்கப்படலாயிற்று. குருதி வங்கிக்குப் பணத்தினும் பெரிய முதல் நம்பிக்கையே என்பதை அத்துயரம் உலகிற்கு உணர்த்திற்று.

ஒருமுறை கொடுப்பது ஏறத்தாழ 450 மில்லிலிட்டர். வளர்ந்த மனிதன் உடலில் ஓடும் ஐந்து லிட்டரில் இது பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவே. கொடுத்த நீர்மத்தை உடல் ஓரிரு நாள்களிலும், சிவப்பணுக்களைச் சில கிழமைகளிலும் ஈடுசெய்துகொள்ளும். கொடுக்கப்பட்ட சிவப்பணுக்களை ஆறு கிழமைக்கு மேல் சேமித்து வைக்க இயலாது. ஆதலால் இவ்வங்கியில் பெருஞ்செல்வம் குவித்து வைக்க முடியாது. ஓயாது யாரேனும் கொடுத்துக்கொண்டே இருத்தல் வேண்டும்.

கடுமையான தாலசீமியாவுடன் பிறந்த குழந்தைக்கு மூன்று அல்லது நான்கு கிழமைக்கு ஒருமுறை குருதி செலுத்த வேண்டும். அக்கூற்றை மறைவாகத் தாங்கிய இருவர் மணந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு அந்நோய் வரும் வாய்ப்பு உண்டு. சொந்தம் விட்டுப்போகாதிருக்க மாமன் மகளையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கமுடைய குடும்பங்களில் இருவரும் ஒரே கூற்றைத் தாங்கும் வாய்ப்பு மிகுதியாகின்றது. பத்துப் பொருத்தம் பார்க்கும் பெற்றோர் எளியதொரு குருதிச் சோதனையையும் சேர்த்துக்கொள்வாராயின், பல இல்லங்களில் கண்ணீர் குறையும். அவ்வாறு பிறந்துவிட்ட குழந்தையோ மலாய்க்காரர், சீனர், இந்தியர், பழங்குடியினர் எனப் பலர் கொடுத்த குருதியால் வளர்கின்றது. பத்தாம் வயதை எட்டும்போது அக்குழந்தையின் நாளங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட அயலாரின் குருதி ஓடி முடிந்திருக்கும். பையின் மேலே எழுதப்படுவன பிரிவின் பெயரும் நாளும் எண்ணுமே. கொடுத்தவர் குலமும் சமயமும் அதில் இடம்பெறுவதில்லை.

லாண்ட்ஸ்டைனர் பிறந்த நாளாகிய சூன் 14, 2004 முதல் உலகக் குருதிக்கொடையாளர் நாளாகக் கொண்டாடப்பட்டு வருகின்றது. வீரன் சிந்திய குருதிக்கு உதிரப்பட்டி அளித்த சமுதாயத்தின் வழித்தோன்றல்களுக்கு இக்கொடை புதியதன்று. அன்று குருதி சிந்தியவன் உயிரையும் ஈந்தான்; இன்று உயிரை இழவாமலே உயிரைக் காக்கலாம். பள்ளியில் குருதிப் பிரிவுகளைக் கற்பிக்கும் ஆசிரியர், ஏ, பி, ஓ என்னும் எழுத்துகளோடு டொலேடோவையும் நுரம்பெர்க்கையும் கிள்ளானையும் சேர்த்துக் கற்பிப்பாராயின், அப்பாடம் உடலியலோடு நின்றுவிடாது. ‘உன் குருதி என்ன பிரிவு?’ என்று கேட்கும் உலகில் வளரும் மாணவன், ‘நீ என்ன குலம்?’ என்னும் பழைய வினாவை நாளடைவில் மறந்துவிடுவான்.